பாதி ஆன்டெனா கார்தான்

2012 அக்டோபர் 31 மாலையில் நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பர் 9 இரவு, மாண்டஸ் புயலும் அதே மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையேறியது. செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரை மக்களுக்கு இப்படிப்பட்ட இரவுகளின் வரிசை மனப்பாடம். முதலில் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். செல்போன் கோபுரங்கள் பேட்டரியில் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். டீசல் வர வேண்டிய சாலையில் மரம் சாய்ந்து கிடக்கும். கையில் இருக்கும் போனில் சார்ஜ் இருந்தும், எதிர்முனையில் யாரும் கிடைக்க மாட்டார்கள்.

கோபுரத்தை நம்பாமல் வண்டிக்கு வண்டி நேராகப் பேசும் இருவழி ஒயர்லெஸ், இத்தகைய இரவுகளில்தான் தன் மதிப்பைக் காட்டும். காவல்துறையும் தீயணைப்புத் துறையும் இன்றுவரை அதைக் கைவிடவில்லை. அரசுத் துறை சாராத ஹாம் என்னும் அமெச்சூர் வானொலியாளர்களும் இருக்கிறார்கள். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமானிலிருந்து உலக நாடுகளுடன் பேசுவதற்காக போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தது. 26-ம் தேதி சுனாமி தாக்கியபோது, அந்தக் குழுவின் கருவிகள்தான் தீவுக்கும் நிலப்பரப்புக்கும் இடையே செய்திகளைச் சுமந்தன. இந்தக் கலையை ஒரு பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு அந்த நாட்களே போதும்.

ஒயர்லெஸ் செட்டைக் காரில் பொருத்த நினைப்பவர் முதலில் கேட்கும் கேள்வி, எத்தனை வாட் என்பது. அடுத்தது, எந்தக் கம்பெனி ஆன்டெனா என்பது. இரண்டையும்விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: காரின் எந்த இடத்தில்? 25 வாட் செட்டை 50 வாட் செட்டாக மாற்றினால் எதிர்முனையில் கிடைக்கும் லாபம் 3 டெசிபெல்தான். காதுக்கு அது சின்ன முன்னேற்றம். ஆன்டெனாவைத் தவறான மூலையில் வைத்தால், அந்த லாபத்தைவிடப் பெரிய நஷ்டம் ஏதோ ஒரு திசையில் வந்து சேரும். செலவு செய்து வாங்கிய வாட்டெல்லாம் அங்கே கரைந்துவிடும்.

ஏன் இப்படி? ஹெய்ன்ரிஷ் ஹெர்ட்ஸ் 1880-களின் இறுதியில் வானொலி அலைகளை முதன்முதலில் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கியபோது, அவருடைய ஆன்டெனாவுக்கு இரண்டு கைகள் இருந்தன. ஒன்றில் மின்னோட்டம் ஏறும்போது மற்றொன்றிலும் அதே அளவு ஓட வேண்டும். மார்க்கோனி ஒரு கையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பூமியையே இணைத்தார். செங்குத்தாக நிற்கும் கம்பிக்குக் கீழே மின்கடத்தும் பரப்பு இருந்தால், அந்தப் பரப்பு கண்ணாடி போலச் செயல்பட்டு, இல்லாத இரண்டாவது கையின் பிம்பத்தை உண்டாக்குகிறது. காரில் அந்த வேலையைச் செய்வது இரும்புக் கூரைத் தகடு. கடையில் காசு கொடுத்து வாங்குவது பாதி ஆன்டெனா மட்டுமே. மீதிப் பாதி, நீங்கள் ஓட்டிவரும் கார்.

கணக்கைப் பார்த்தால் இது இன்னும் அழகாகத் தெரியும். இந்தியாவில் ஹாம்களுக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஓர் அலைவரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. காருக்குக் கார் பேச இதுதான் பெரும்பாலும் பயன்படுகிறது. 300 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 145-க்கு அது 2.07 மீட்டர். கால் அலை ஆன்டெனா என்றால் அதில் நான்கில் ஒரு பங்கு, 52 சென்டிமீட்டர். உண்மையான கம்பியில் முனை விளைவால் சுமார் ஐந்து சதவீதம் குறைத்து 49 சென்டிமீட்டருக்கு வெட்டுவார்கள். அந்தக் கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் கால் அலை அளவுக்காவது, அதாவது அரை மீட்டருக்காவது, தகடு பரந்திருக்க வேண்டும். நம் ஊர்ச் சிறிய கார்களின் கூரை அகலம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். நட்டநடுவில் வைத்தால் இடப்பக்கம் அரை மீட்டர், வலப்பக்கம் அரை மீட்டர். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. இந்த அலைவரிசைக்கும் காரின் கூரைக்கும் இருக்கும் பொருத்தம் அப்படி.

மற்ற அலைவரிசைகளுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. 27 மெகாஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்டில் கால் அலையே 2.75 மீட்டர், அதற்கேற்ற தகடு எந்தக் காரிலும் கிடையாது. 7 மெகாஹெர்ட்ஸில் கால் அலை பத்து மீட்டரைத் தாண்டிவிடும். அங்கே 2.4 மீட்டர் கம்பியின் அடியில் காயில் சுற்றி ஒப்பேற்றலாம். ஆனால் அந்தக் கம்பியின் கதிர்வீச்சுத் தடை, அதாவது சக்தியை அலையாக மாற்றும் பங்கு, ஓர் ஓமுக்குச் சற்று மேல்தான் இருக்கும். காயிலும் தரையிலும் விரயமாகும் தடை பத்து ஓமுக்குப் போகலாம். அனுப்பிய பத்து வாட்டில் ஒன்பது வாட் சூடாகப் போய்விடும். அதிலும் பேசிச் சாதிப்பவர்கள் இருக்கிறார்கள். அது தனிக் கலை. 435 மெகாஹெர்ட்ஸுக்கு நேர்மாறான நிலை: கால் அலை 17 சென்டிமீட்டர் மட்டுமே என்பதால் டிக்கி மூடிகூட அதற்குப் போதும்.

மூலையில் வைத்தால் என்ன நேரும் என்பதை இந்தக் கடற்கரையிலேயே பார்த்துவிடலாம். தகடு எந்தப் பக்கம் அதிகமாகப் பரந்திருக்கிறதோ, அந்தப் பக்கமே அலை பலமாகப் போகும். கோவளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கி மாமல்லபுரம் போகிறீர்கள். கடல் இடக்கைப் பக்கம். ஆன்டெனாவைப் பின்பக்க வலது மூலையில் மாட்டியிருந்தால், காரின் முழு உடலும் அதற்கு முன்னே இடப்புறம் இருக்கிறது. எனவே பலம் முழுக்கத் தென்கிழக்கே, வங்காள விரிகுடாவின் மேல். அங்கே உங்களுக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. ஆன்டெனாவைப் பின்பக்க இடது மூலைக்கு மாற்றினால் பலம் தென்மேற்கே திருக்கழுக்குன்றம் பக்கம் திரும்பும். ஆனால் திரும்பி வடக்கே வரும்போது அதுவே கடலைப் பார்க்கும். ‘போகும்போது நன்றாகக் கேட்டது, வரும்போது கேட்கவில்லை’ என்று வண்டியில் ஒயர்லெஸ் வைத்திருப்பவர்கள் சொல்வதன் பின்னே பல நேரம் இந்த மூலைக்கோணல்தான் இருக்கும். கூரையின் நடுவில் நிற்கும் கம்பிக்கு இந்தத் தொல்லை இல்லை.

கூரைக்கு உயரமும் சாதகம். வானொலி அலை காற்றில் லேசாக வளைவதால், கண்ணுக்குத் தெரியும் தொடுவானத்தைவிடச் சற்றுத் தள்ளி அதன் தொடுவானம் இருக்கிறது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அந்தத் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். பம்பரில் மாட்டிய ஆன்டெனா தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் என்றால் 4 கிலோமீட்டர். கூரையில் இரண்டு மீட்டர் என்றால் 5.8. இரண்டு காரும் கூரையில் ஆன்டெனா வைத்திருந்தால் இரண்டு தூரத்தையும் கூட்டலாம். சமவெளியில் சுமார் 12 கிலோமீட்டர். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கும் மாமல்லபுரம் கடற்கரைக்கும் நேர்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டர் என்பதால், இரண்டு கார்கள் நேரடியாகப் பேசுவது கடினம். செங்கல்பட்டைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் வேறு குறுக்கே நிற்கும்.

ஆனால் இடையில் திருக்கழுக்குன்றம் இருக்கிறது. வேதகிரி மலை சுமார் 500 அடி, அதாவது 150 மீட்டர். அதே கணக்கில் அந்த உயரத்தின் தொடுவானம் 50 கிலோமீட்டர். செங்கல்பட்டும் மாமல்லபுரமும் கல்பாக்கமும் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த உயரத்தில் ஒரு ரிப்பீட்டர் நின்றால், ஒரு வண்டியின் குரலை வாங்கி மற்றொரு வண்டிக்கு அனுப்பிவிடும். மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்தைக் குன்றின் மேல் கட்டியதற்கும் இதே வடிவியல்தான் காரணம். ஒளியும் வானொலியும் ஒரே குடும்பத்து மின்காந்த அலைகள். இரண்டுக்கும் உயரமே தூரம்.

சில மாதங்களில் இந்தக் கடற்கரை கணக்கையெல்லாம் மீறும். கோடையில் கடல்மேல் குளிர்ந்த ஈரக்காற்றும் அதற்கு மேலே சூடான உலர்ந்த காற்றும் அடுக்காக நிற்கும்போது, அலை அந்த அடுக்குக்குள் சிக்கி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். 1982-ல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியை நம் கடலோர ஊர்க்காரர்கள் மொட்டை மாடியில் உயரமான ஏரியலும் பூஸ்டரும் வைத்துப் பார்த்தார்களே, அதில் இந்த அடுக்குக்கும் பங்கு உண்டு. ஆனால் புயல் காற்று இந்த அடுக்குகளைக் கலைத்துவிடும். ஆபத்துக்கு உதவும் என்று இதை நம்ப முடியாது.

இனி எந்தக் கம்பி என்ற கேள்வி. இரண்டு பெயர்கள் அடிக்கடி காதில் விழும்: கால் அலை, எட்டில் ஐந்து அலை. இரண்டாவது 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 1.3 மீட்டர் உயரம். அடியில் ஒரு சிறு காயில் இருக்கும். கடைக்காரர் ‘3 டெசிபெல் கெயின்’ என்பார். ஆன்டெனா புதிதாகச் சக்தியை உண்டாக்குவதில்லை. சப்பாத்தி மாவு உருண்டையைக் கட்டையால் தேய்த்தால் மாவு கூடுவதில்லை. உயரம் குறைந்து பரப்பு விரிகிறது. கெயினும் அதுதான். வானை நோக்கி வீணாகும் அலையைத் தொடுவானம் பக்கம் அமுக்கி விடுகிறது. அந்த 3 டெசிபெல்லும் எல்லையற்ற தகட்டின் மேல் கிடைக்கும் கணக்கு. ஒரு மீட்டர் அகலக் கூரையில் அதில் பாதி கிடைத்தாலே மகிழ்ச்சி.

கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற சமதளத்தில் இந்த அமுக்கல் நல்லதே. மாமல்லபுரத்திலிருந்து பார்த்தால் வேதகிரி உச்சி தொடுவானத்துக்கு ஒரு டிகிரிகூட மேலே இல்லை. ஆனால் திருக்கழுக்குன்றம் ஊருக்குள், மலையிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி நின்றால், அதே உச்சி 17 டிகிரி உயரத்தில் இருக்கிறது. தட்டையாக அமுக்கிய அலை அந்தக் கோணத்தில் மெலிந்துவிடும். கால் அலையின் குண்டான வடிவம் அங்கே ஜெயிக்கும். ஓட்டும்போது வேறு சிக்கல்களும் உண்டு. 1.3 மீட்டர் கம்பி காற்றில் பின்னால் சாயும்; சாய்ந்தால் அலையும் வானத்தையோ தரையையோ பார்க்கும். சாலையோரப் புளியமரத்தின் தாழ்ந்த கிளை, அடித்தள பார்க்கிங்கின் கூரை எல்லாம் அதற்குப் பகை. புயலில் சாய்ந்த மரங்களுக்கு அடியில் ஊர்ந்துபோக வேண்டிய வண்டிக்கு 49 சென்டிமீட்டர் கம்பியே என் தேர்வு. அதற்கு ஒரு ஸ்பிரிங் அடி இருந்தால் இன்னும் நல்லது.

பொருத்தும் முறைகளில் மிகச் சிறந்தது கூரையில் ஓட்டை போடுவது. இதைச் சொன்னதும் கார் வைத்திருப்பவர் முகம் மாறும். ஆனால் சரியாகச் செய்தால் 19 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று, அதன் விளிம்பில் சுத்தமான உலோகத்தை இறுக்கிப் பிடிக்கும் என்.எம்.ஓ. மவுன்ட், மேலே ரப்பர் வளையம், அவ்வளவுதான். உள்விளக்கைக் கழற்றினால் கூரையின் அடிப்பக்கம் கை எட்டும். ஓட்டை போடும் முன் குறுக்குச் சட்டமும் ஒயர்களும் எங்கே போகின்றன என்று பார்க்க வேண்டும். விளிம்பில் தெரியும் வெற்று இரும்புக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். தரையிணைப்பு பிடிக்கும் இடத்தை மட்டும் பூசாமல் விட வேண்டும். கை தேர்ந்த டிங்கரிடம் கொடுத்தால் மழைத்துளி உள்ளே வராது. சன்ரூஃப் வைத்த கார்களில் நடுவிடம் கண்ணாடி என்பதால், அதற்குப் பின்னால் மிஞ்சும் தகட்டின் நடுவே வைக்கலாம்.

ஓட்டைக்கு மனம் வராதவர்களுக்கு மேக்னெட் மவுன்ட். இது கூரையைத் தொடுவதே இல்லை. நடுவில் பெயின்ட் இருக்கிறது. பிறகு எப்படி இரண்டாவது கை கிடைக்கிறது? காந்தத்தின் அடித்தட்டும் கூரைத் தகடும் சேர்ந்து ஒரு கப்பாசிட்டர் ஆகிவிடுகின்றன. 9 சென்டிமீட்டர் அடித்தட்டு, அரை மில்லிமீட்டர் இடைவெளி என்று கொண்டால் அதன் கொள்ளளவு 340 பிகோஃபாரட் அளவுக்கு வரும். 145 மெகாஹெர்ட்ஸில் அது தரும் மறிப்பு சுமார் 3 ஓம். கிட்டத்தட்ட நேர்த்தொடர்பு மாதிரி. 7 மெகாஹெர்ட்ஸிலோ அதே தட்டு 67 ஓம் மறிப்பாக நிற்கும். அங்கே மேக்னெட் மவுன்ட் மட்டும் போதாது என்பதற்குக் காரணம் இதுதான். மீட்பு வேலைக்கு யாரோ ஒருவருடைய காரை இரவல் வாங்கும்போது இதைவிட விரைவான வழி கிடையாது. கடற்கரையில் மட்டும் ஒரு எச்சரிக்கை: சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் பக்கத்து மணலில் கருமணல் கலந்திருக்கிறது. அதில் இருக்கும் இரும்புத் துகள்கள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு பெயின்ட்டைத் தேய்க்கும், இடைவெளியையும் கூட்டும். மாட்டும் முன் இரண்டு பரப்பையும் துடைத்துவிடுங்கள்.

டிக்கி விளிம்பில் கவ்விப் பிடிக்கும் மவுன்ட் மூன்றாம் தரம்தான். அதன் சிறு திருகாணிகள் பெயின்ட்டைக் கிழித்து இரும்பைத் தொட வேண்டும். பலர் பெயின்ட்டைக் காப்பாற்ற நினைத்துத் தரையிணைப்பையே இழந்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக் பம்பரும் ஃபைபர் ஸ்பாய்லரும் கணக்கிலேயே வராது.

கேபிளையும் சும்மா விட முடியாது. மெல்லிய ஆர்.ஜி.-58 கேபிள் ஐந்து மீட்டர் ஓடினால், 145 மெகாஹெர்ட்ஸில் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு வரை அதிலேயே சூடாகும். 435-ல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு. மிஞ்சிய கேபிளைச் சுருட்டி இருக்கைக்கு அடியில் திணிக்காமல், தேவையான நீளத்துக்கு வெட்டி முனையில் சாக்கெட் பற்றவைப்பதே முறை. பிறகு, அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை இணைத்து, கதவுகளை மூடி, திறந்த வெளியில் காரை நிறுத்திப் பாருங்கள். 1.5 என்று காட்டினால் 4 சதவீதம் திரும்புகிறது, விட்டுவிடலாம். 2 என்றால் 11 சதவீதம். 3 என்றால் கால் பங்கு திரும்பி வருகிறது, செட்டுக்கு ஆபத்து. கம்பியை முதலில் கொஞ்சம் நீளமாகவே வைத்து, சிறிது சிறிதாக வெட்டிச் சரிபார்க்க வேண்டும். வெட்டியதை ஒட்ட முடியாது.

இந்தக் கரையில் ஆன்டெனாவின் நிரந்தர எதிரி உப்பு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உலோக அரிமானத்தை ஆராய ஒரு பிரிவே இயங்குகிறது. பித்தளை மவுன்ட், இரும்புக் கூரை, இரண்டுக்கும் நடுவே உப்பு ஈரம். மூன்றும் சேர்ந்தால் ஒரு குட்டி பேட்டரி. அதில் கரைவது உங்கள் கூரை. கேபிளின் பின்னல் ஒயருக்குள் ஒரு சொட்டு புகுந்தால், அது திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் உள்ளே மீட்டர் கணக்கில் பரவும். இதில் ஒரு மோசடி வேறு ஒளிந்திருக்கிறது: நனைந்த கேபிள் போகும் சக்தியையும் திரும்பும் சக்தியையும் சேர்த்தே விழுங்குவதால், மீட்டரில் 1.1 என்று அழகான எண் தெரியும். எண்ணைப் பார்த்து மகிழ்ந்தவர், எதிர்முனையில் ஏன் கேட்கவில்லை என்று திகைப்பார். திடீரென்று மீட்டர் நல்லதாக மாறினால் சந்தேகப்படுங்கள். வெளியே இருக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, மேலே சாதாரண இன்சுலேஷன் டேப் போட வேண்டும். கடலோரப் பயணம் முடிந்த கையோடு நல்ல தண்ணீரில் மவுன்ட்டைக் கழுவுவது எந்த விலையுயர்ந்த பூச்சையும்விடப் பலன் தரும்.

உடலுக்கான பாதுகாப்பும் கூரை நடுவில்தான் அதிகம். பயணிகளுக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே இரும்புத் தகடு இருக்கிறது. வெளியே நிற்பவர் கதை வேறு. 50 வாட்டில் தொடர்ந்து பேசினால், பொதுமக்களுக்கான பன்னாட்டு வரம்பான சதுர மீட்டருக்கு 2 வாட்டைத் தாண்டாதிருக்க இரண்டு மீட்டர் தள்ளி நிற்பது நல்லது. நிவாரண முகாமில் காரைச் சுற்றிக் குழந்தைகள் கூடும்போது இதை மறக்கக் கூடாது. இடி மின்னல் தலைக்கு மேல் வந்துவிட்டால் பேச்சை நிறுத்திக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். முன்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் ஏர்பேக் இருக்கும் கார்களில் கேபிளை அதன் குறுக்கே இழுக்கவே கூடாது. செட்டுக்கான மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து நேராக, ஃபியூஸ் வைத்து எடுங்கள். 50 வாட் செட் பேசும்போது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிகரெட் லைட்டர் துளை அதற்குத் தாங்காது.

பெரிய செட் வாங்க வசதி இல்லையென்றால் வருந்த வேண்டாம். 5 வாட் வாக்கி-டாக்கியைக் காருக்குள் கையில் வைத்துப் பேசினால், சுற்றியிருக்கும் இரும்பே அதன் அலையை மறித்துவிடும். அதே வாக்கி-டாக்கியைக் கூரை நடுவில் நிற்கும் கால் அலைக் கம்பியோடு இணைத்தால், மூலையில் கோணலாக மாட்டிய 25 வாட் செட்டோடு போட்டி போடும்.

உரிமம் இல்லாமல் இத்தகைய ஒயர்லெஸ் செட்டுகளை வைத்திருப்பதை 1933-ம் ஆண்டு ஒயர்லெஸ் சட்டமே குற்றமாக்கியது. இன்றும் அனுமதி கட்டாயம். மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதித் தேறினால் வி.யு. என்று தொடங்கும் அழைப்புக் குறியீடு உங்களுக்குக் கிடைக்கும். வானொலிக் கோட்பாடும் விதிமுறைகளும்தான் பாடம்; பள்ளி இயற்பியல் தெரிந்தவர் சில மாதங்களில் படித்துவிடலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்பே உரிமத்தை வாங்கி, கம்பியைக் கூரையின் நடுவில் நிறுத்தி, செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை பேசிக்கொண்டே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்த வளைவில் குரல் அறுகிறது என்று குறித்து வையுங்கள். புயல் வரும் இரவில் அந்தக் குறிப்பு தேவைப்படும்.